மூளைப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

கடந்த மாதம் படிவம் மூன்று மாணவர்களுக்குக் கதிரியக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மருத்துவத்தில் கதிரியக்கப் பொருள்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று விளக்குவதற்காக மூளையின் வண்ணப் படம் ஒன்றைத் திரையில் காட்டினேன். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பார்க்க அழகாக இருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், எல்லாரும் ஒரு தடவ இப்படிப் படம் எடுத்துப் பாத்துட்டா, பிற்காலத்துல மறதி நோய் வருமா வராதான்னு இப்பவே தெரிஞ்சிடும்தானே?"

"தெரியாது" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி தொடங்கிவிட்ட ஒருவருக்கு மூளைப் படம் எடுக்க நாம் மிகவும் தாமதிக்கிறோம். மறதியே இல்லாத ஒருவருக்குப் படம் எடுத்து எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம். இரண்டும் தவறு. ஏன் என்று பார்ப்போம்.

பெரட்டுக்கு நேரமாச்சு

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன்பு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் வாளியைத் தேடத் தொடங்கினார். "என்னடி கண்ணு, இன்னும் தூக்கமா? பெரட்டுக்கு நேரமாச்சு" என்று என்னை எழுப்புவார். நாங்கள் சிரித்தோம். "வயசாயிடுச்சுல்ல" என்றார் அம்மா. அக்கம் பக்கத்தில் இருந்தவர்கள் மலாய்ச் சொல்லால் "ஞாஞுக்" என்றார்கள். அத்தோடு முடிந்தது பேச்சு.

இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மருத்துவமனையில் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். விழுந்ததால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். பிறகு எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துக் காட்டினார். மூளையின் உட்பகுதியில் ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள், சிறு சிறு குழிகள். "இவை சின்னச் சின்ன பக்கவாதத்தின் தழும்புகள். ஒரே நாளில் வந்தவையல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து பாட்டியின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரத்த அழுத்த மாத்திரைகள் பல அட்டைகள் பிரிக்கப்படாமலேயே இருந்தன. பாட்டி மாத்திரை சாப்பிட மறந்திருக்கிறார். மாத்திரை இல்லாததால் அழுத்தம் ஏறியிருக்கிறது. அழுத்தம் ஏறியதால் மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. அடைபட்டதால் மறதி கூடியிருக்கிறது. இரத்த ஓட்ட மண்டலத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நான், என் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த இந்தச் சக்கரத்தைப் பார்க்கவில்லை. குறை வேறு யாருடையதும் அல்ல, என்னுடையதுதான்.

இறந்த பிறகே தெரிந்த நோய்

மூளையை உயிரோடு இருக்கும்போதே பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வரலாறு சொல்லும். 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். கடுமையான மறதி, குழப்பம், சந்தேகம். அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், அவர் சொன்னதையெல்லாம் குறித்து வைத்தார். ஆனால் மண்டை ஓட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவரிடம் வழி எதுவும் இல்லை. 1906இல் அந்தப் பெண்மணி இறந்த பிறகுதான் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும், அணுக்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட நார்களும் தெரிந்தன. அந்தத் திட்டுகள் அமிலாய்டு என்ற புரதத்தால் ஆனவை என்றும், நார்கள் டாவ் என்ற புரதத்தால் ஆனவை என்றும் இன்று நமக்குத் தெரியும்.

அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அல்சைமர் நோயை உறுதிப்படுத்த ஒரே வழி, நோயாளி இறந்த பின் மூளையைச் சோதிப்பதுதான். குடும்பத்துக்கு விடை கிடைக்கும்போது நோயாளி இருக்கமாட்டார்.

மூன்று கருவிகள், மூன்று கேள்விகள்

இன்று மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் கருவிகளை எல்லோரும் ஒன்றாகவே நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முதலாவது சி.டி. ஸ்கேன். பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, கணினி மூலம் குறுக்குவெட்டுப் படம் தயாரிக்கிறது. 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இப்படிப் படமெடுக்கப்பட்டது. இதை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்பீல்டு மருத்துவர் அல்லர். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். 1979இல் ஆலன் கோர்மாக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதா, கட்டி இருக்கிறதா, நீர் தேங்கியிருக்கிறதா என்ற கேள்விகளுக்குச் சில நிமிடங்களில் இது பதில் சொல்லும்.

இரண்டாவது எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே இல்லை. நம் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்தம்போல் நடந்துகொள்கின்றன. வலிமையான காந்தப்புலத்துக்குள் அவை வரிசைப்படுகின்றன. வானொலி அலைகளைச் செலுத்தி அவற்றைச் சற்றே கலைத்துவிட்டால், மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும்போது சமிக்ஞை தருகின்றன. அதைக் கொண்டு படம் வரைகிறார்கள். 1.5 டெஸ்லா கருவி ஒன்றின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு வலிமையானது. அந்த அறைக்குள் சாவிக்கொத்தைக்கூட எடுத்துச் செல்ல அனுமதிக்காததன் காரணம் இப்போது புரிகிறதா? மூளையின் எந்தப் பகுதி சுருங்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். நினைவுகளைப் பதிவு செய்ய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அல்சைமர் நோயில் வேகமாகச் சுருங்குகிறது. என் பாட்டிக்கு இருந்ததுபோன்ற இரத்தக் குழாய்ப் பாதிப்புகளையும் இதில் காணலாம்.

மூன்றாவது பெட் ஸ்கேன். படிவம் மூன்று பாடம் இங்கேதான் பயன்படுகிறது. புளோரின்-18 என்ற கதிரியக்க அணு இணைக்கப்பட்ட ஒருவகைக் குளுக்கோஸை மிகச் சிறிய அளவில் நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். நம் உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடலின் சக்தியில் 20 விழுக்காட்டை அது செலவழிக்கிறது. எனவே உழைக்கும் மூளைப் பகுதி அந்தக் குளுக்கோஸை வாரி எடுத்துக்கொள்ளும். புளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் வெளிவருகிறது. அது அருகில் உள்ள எலக்ட்ரானுடன் மோதி இரண்டும் அழிகின்றன. அப்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு காமா கதிர்கள் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக உள்ள உணர்கருவிகள் அவற்றைப் பிடித்து, அவை எங்கிருந்து வந்தன என்று கணக்கிடுகின்றன.

புளோரின்-18இன் அரை ஆயுள் காலம் ஏறக்குறைய 110 நிமிடம். 110 நிமிடத்தில் பாதி, 220 நிமிடத்தில் கால்வாசி, 330 நிமிடத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே இதை வாங்கிச் சேமித்து வைக்க முடியாது. சைக்ளோட்ரான் என்ற கருவியில் காலையில் தயாரித்து அன்றே பயன்படுத்தியாக வேண்டும். பெட் ஸ்கேன் ஏன் விலை அதிகம், ஏன் எல்லா ஊர்களிலும் இல்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஒரு வரையறை ஒரு நாட்டின் மருத்துவச் சேவையையே எப்படித் தீர்மானிக்கிறது பாருங்கள்.

சாயத்திலிருந்து வந்த சாட்சி

அமிலாய்டைப் படமெடுத்த கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேதிஸ் என்ற இரு அறிவியலாளர்கள் ஒரு பழைய சாயத்தை எடுத்துக்கொண்டார்கள். தயோஃபிளேவின் எனப்படும் அந்தச் சாயம், நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் மூளைத் திசுவில் அமிலாய்டுத் திட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். அதன் அமைப்பை மாற்றி, இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும்படி செய்து, கார்பன்-11 என்ற கதிரியக்க அணுவை இணைத்தார்கள். 2002இல் சுவீடனின் உப்சாலா நகரில் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. 2004இல் 16 நோயாளிகளையும் நோயில்லாத 9 பேரையும் ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டார்கள். அல்சைமர் தம் நுண்ணோக்கியில் கண்ட திட்டுகளை, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் காண முடிந்தது. டாவ் புரதத்தைக் காட்டும் மருந்து ஒன்றுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கும் இப்படி ஒரு படம் உண்டு. மூளையில் டோபமைன் நரம்பு முனைகள் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று அது காட்டும். நலமான மூளையில் இருபுறமும் இரண்டு காற்புள்ளிகள் போலத் தெரியும். நோய் வந்தால் வால் மங்கி, முற்றுப்புள்ளி போல ஆகிவிடும். கை நடுக்கம் உள்ள எல்லோருக்கும் பார்க்கின்சன் நோய் இருப்பதில்லை. வேறு வகை நடுக்கமா என்று மருத்துவருக்குச் சந்தேகம் வரும்போது இந்தப் படம் கைகொடுக்கும்.

திட்டு இருந்தால் நோயா?

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருவோம். அமிலாய்டைக் காண முடியும் என்றால், எல்லோரும் எடுத்துப் பார்த்துவிடலாமே?

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் 678 கன்னியாஸ்திரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்கள் ஆண்டுதோறும் நினைவாற்றல் தேர்வு எழுதினார்கள். இறந்த பின் மூளையையும் தானமாகத் தந்தார்கள். அவர்களில் சிஸ்டர் மேரி என்று ஆய்வில் குறிப்பிடப்படும் ஒருவர் 101 வயது வரை வாழ்ந்தவர். இறப்பதற்குச் சற்று முன்புகூட நினைவாற்றல் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆனால் அவர் மூளையைப் பார்த்தபோது அல்சைமர் நோயின் திட்டுகளும் முறுக்கு நார்களும் ஏராளமாக இருந்தன. அதாவது, நோயின் அடையாளம் இருந்தது, மறதி இல்லை.

இது ஏதோ ஓர் அதிசயம் என்று எண்ண வேண்டாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மறதி எதுவும் இல்லாதவர்களில் 50 வயதில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கும், 90 வயதில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கும் அமிலாய்டு படிந்திருக்கிறது. இவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் யாருக்கு வரும், எப்போது வரும் என்று அந்தப் படம் தனியாகச் சொல்லாது. பலர் மறதி வராமலேயே வாழ்ந்து முடிப்பார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். நலமாக இருக்கும் ஐம்பத்தைந்து வயது அப்பாவிடம், "உங்கள் மூளையில் அமிலாய்டு இருக்கிறது" என்று சொல்கிறோம். அன்றிலிருந்து அவர் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தாலும் பயப்படுவார். வேலையில் சேர்ப்பவர்களும் காப்புறுதி நிறுவனங்களும் அவரை எப்படிப் பார்ப்பார்கள்? அறிகுறி இல்லாதவர்களுக்கு அமிலாய்டுப் படம் எடுப்பது பொருத்தமற்றது என்று 2013இல் அமெரிக்க வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டி கூறியது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

"முன்கூட்டியே தெரிந்தால் மருந்து சாப்பிடலாமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமிலாய்டை அகற்றும் லெகனமாப் என்ற மருந்து 2023இலும், டொனனமாப் 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. லெகனமாப் ஆய்வில் 18 மாதங்களில் நோய் மோசமடையும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமோ சிறு இரத்தக் கசிவோ ஏற்பட்டது. அதனால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும். இந்த மருந்துகளுக்கான அனுமதியும் மறதியின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கே; அறிகுறியே இல்லாதவர்களுக்கு அல்ல. நாளை நிலைமை மாறினால் என் கருத்தையும் மாற்றிக்கொள்வேன். சான்று மாறும்போது முடிவும் மாறுவதுதான் அறிவியல்.

தாமதம்தான் நம் பிரச்சினை

நம் வீடுகளில் நடப்பது வேறு. உலகில் 2021இல் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியாவில் 2018ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். ஒரு திருமணத்துக்குப் போனால் நீங்கள் காலில் விழுந்து வணங்கும் தாத்தா பாட்டிகளை எண்ணிப் பாருங்கள்.

அவர்களில் எத்தனை பேர் "வயசாயிடுச்சு" என்ற சொல்லோடு வீட்டிலேயே விடப்பட்டிருக்கிறார்கள்? மறதிக்கு எல்லாம் அல்சைமர் நோய் காரணமல்ல. கீழே விழுந்து சில வாரங்கள் கழித்து மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கினாலும் குழப்பம் வரும். மூளையில் நீர் தேங்கினாலும் மறதி வரும். இவற்றை ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்; பலருக்குச் சிகிச்சையும் உண்டு. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவற்றை இரத்தச் சோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். தாமதித்தால் இந்த வாய்ப்புகள் கைநழுவிப் போகும்.

நம் சமூகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு நீரிழிவு இருந்தது. மற்ற இனத்தவரைவிட இது அதிகம். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மூளையின் சிறு இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், உலகின் மறதி நோய்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று கணக்கிட்டது. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பிடித்தல், காது கேளாமை, தனிமை ஆகியவையும் உண்டு. இவற்றைக் கண்டுபிடிக்க சைக்ளோட்ரான் தேவையில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

மருத்துவமனையில் பாட்டியைச் சோதித்த மருத்துவர் மலாயில் கேள்வி கேட்டார். பாட்டிக்குத் தமிழ்தான் வரும். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். "எப்போது தொடங்கியது? திடீரென்று வந்ததா, மெல்ல மெல்லவா? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. எம்.ஆர்.ஐ. கருவிக்கு மொழி வேண்டாம். ஆனால் அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள மருத்துவருக்கு நோயாளியின் கதை வேண்டும். அந்தக் கதை தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் இருக்கும் உங்களிடம்தான் இருக்கிறது.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒரு பெயரை மறந்து பிறகு ஞாபகம் வருவது வயதில் இயல்பு. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய பாதையில் வழி தவறுவது, பல ஆண்டுகள் சமைத்த குழம்பைச் செய்யத் தெரியாமல் நிற்பது ஆகியவை இயல்பல்ல. பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். மருந்து அட்டையை எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெற்றோரிடம் சொல்லி, அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். படம் தேவையா, எந்தப் படம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

அறிவியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். 2004இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய பெரிய அல்சைமர் படத் திட்டம் ஒன்று, தன் படங்களை உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மிக நல்ல பணி. ஆனால் அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், நிறையப் படித்தவர்கள். அந்தப் படங்களைக் கொண்டு கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய, பள்ளிக்கூடமே போகாத, இரத்த அழுத்தமுள்ள ஒரு பாட்டியின் மூளையை அது சரியாகப் படிக்குமா? நம் நாட்டு மூளைகளையும் படமெடுத்து ஆராய நம் நாட்டு ஆய்வாளர்கள் வேண்டும். மருத்துவராவது மட்டுமே வழி அல்ல. இயற்பியலும் வேதியியலும் கணினியும் படித்தவர்களுக்கும் இந்தத் துறையில் இடமுண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

என் பாட்டிக்கு இழந்த மூளைத் திசு திரும்ப வராது. ஆனால் இப்போது கிழமை எழுதிய பெட்டியில் மாத்திரைகளைப் போட்டு வைக்கிறேன். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. இன்னமும் சில நாள் நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குக் கிளம்புகிறார். நான் சிரிப்பதில்லை. "இன்னிக்கு மழை பாட்டி, பால் வெட்டு இல்ல" என்கிறேன். "அப்படியா கண்ணு" என்று மீண்டும் படுத்துக்கொள்கிறார்.

அந்த மாணவியிடம் மறுநாள் சொன்னேன்: "உன் மூளைக்கு இப்போ படம் வேண்டாம். வீட்டுக்குப் போயி தாத்தாவுக்கு இரத்த அழுத்தம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வா." அடுத்த வாரம் வந்து சொன்னாள். எண் அதிகமாகத்தான் இருந்தது. தாத்தாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட்டார்களாம்.